விடாத காந்தம்

எலெக்ட்ரீஷியன்கள் எஸ்.சி.ஆர். என்று சொல்கிற சாமானுக்குப் புத்தகத்தில் தைரிஸ்டர் என்று பெயர். சின்ன ரகம் மூன்று கால் வைத்த கறுப்புச் சில்லாக இருக்கும். பெரிய ரகம் நட்டு போட்டு முறுக்குகிற போல்ட் மாதிரி இருக்கும். ஏ.சி. மின்சாரத்தை டி.சி. ஆக்கி, அதையும் வேண்டிய அளவுக்குக் கூட்டிக் குறைத்துத் தருவது அதன் வேலை. பேட்டரி சார்ஜரிலிருந்து மில் மோட்டார் வரை அது உழைக்காத இடம் குறைவு. 1957-இல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிக்காரர்கள் அதைச் செய்தார்கள். அதற்கு முன்னால் இதே வேலைக்குப் பாதரசம் ஊற்றிய பெரிய கண்ணாடிக் குடுவைகளை வைத்திருந்தார்கள். உள்ளே நீலமாக மினுங்கிக்கொண்டே இருக்கும்.

எலெக்ட்ரானிக்ஸ் எனக்கு ஆபீஸ் வேலை இல்லை, பொழுதுபோக்கு. படித்தது பிரெஞ்சில் என்பதால், காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய புத்தகக் குவியலுக்குள் கிடைத்த பிரெஞ்சு ரேடியோ பத்திரிகைகளை வாங்கி வந்து படித்துத்தான் கற்றுக்கொண்டேன். அதனால் ஒரு லாபம் உண்டு. எஸ்.சி.ஆரின் மூன்றாவது காலுக்கு ஆங்கிலத்தில் 'கேட்' என்று பெயர். வாசல் கதவு. கதவென்றால் திறக்கலாம், மூடலாம் என்றுதானே நினைப்போம்? பிரெஞ்சுக்காரன் அதைக் 'காஷெத்' என்கிறான். துப்பாக்கியின் விசை. விசையை ஒருமுறை இழுத்தால் போதும், குண்டு போய்விடும். விரலை எடுத்துவிட்டேன் என்றால் குண்டு திரும்பி வருமா?

எஸ்.சி.ஆரும் அப்படித்தான். அந்தக் காலில் துளி மின்சாரம் பட்டதும் திறந்துகொள்ளும். பிறகு அந்தக் காலுக்கு அதிகாரம் கிடையாது. தன் வழியாக ஓடுகிற மின்னோட்டம் தானாக வற்றி ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வந்தால் மட்டுமே எஸ்.சி.ஆர். மூடும். ஏ.சி. மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய் வருவதால், ஒவ்வொரு அரை அலையின் முடிவிலும், அதாவது 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை, அது தானாகவே பூஜ்யத்தைத் தொடும். அந்த நம்பிக்கையில்தான் சர்க்யூட்டை அமைக்கிறார்கள். ஆங்கிலத்தில் படித்த பையன்கள் பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில். பெயர் செய்கிற கோளாறு என்பது என் கட்சி.

சில வருடங்களுக்கு முன் தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் அக்கா மகன் ஒருநாள் சாயங்காலம் போன் செய்தான்.

"மாமா, கிரைண்டர் மேக்னட் போர்டு மறுபடியும் மக்கர் பண்ணுது. எஸ்.சி.ஆரை ரெண்டு தடவை மாத்தியாச்சு. நீங்க ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

அவனிடம் ஒரு சர்ஃபேஸ் கிரைண்டர் உண்டு. இரும்புத் தகட்டை முகம் பார்க்கிற மாதிரி சமமாகத் தேய்த்துக் கொடுக்கும் மெஷின். தகட்டை இடுக்கியால் பிடிக்க முடியாது, மேல்முகம் முழுக்கத் தேய்க்க வேண்டுமே. அதனால் கீழே மின்காந்தப் படுக்கை வைத்திருப்பார்கள், மேக்னடிக் சக் என்று பெயர். சுவிட்சைப் போட்டால் தகட்டைக் கவ்விக்கொள்ளும். அணைத்தால் விடும். அவனுடைய சக்குக்கு 110 வோல்ட் டி.சி., சுமார் இரண்டு ஆம்பியர் வேண்டும். வீட்டு மின்சாரமான 230 வோல்ட் ஏ.சி.யிலிருந்து அதைத் தயாரித்துக் கொடுப்பது ஒரு சின்ன போர்டு. இரண்டு எஸ்.சி.ஆர்., இரண்டு டையோடு வைத்த பாதிக் கட்டுப்பாட்டு ரெக்டிஃபையர்.

கோளாறு என்னவென்றால், சுவிட்சை அணைத்தாலும் காந்தம் விடமாட்டேன் என்கிறது. பேனல் விளக்கு அணைந்துவிடும், காந்தம் மட்டும் கவ்விக்கொண்டிருக்கும். விளக்கை நம்பி அந்தப் பட்டறைப் பையன் ஒரு டை பிளேட்டைச் செம்புச் சுத்தியலால் தட்டி எடுக்கப் பார்த்திருக்கிறான். ஓரம் உடைந்துவிட்டது. கொடுத்தவன் சும்மா விடுவானா? மூவாயிரம் ரூபாய் தண்டம். மருமகன் அதைப் பையன் சம்பளத்தில் பிடிக்க ஆரம்பித்துவிட்டான். பையன் வேலைக்குச் சேர்ந்த மாதத்திலிருந்துதான் இந்த மக்கர், அதனால் அவன் சுவிட்சைக் கண்டபடி திருகித்தான் போர்டு கெட்டது என்பது பட்டறையில் எல்லோருடைய தீர்ப்பு. மாதக் கடைசியில் நிறுத்திவிடுவதாகவும் பேச்சு.

அரசாங்க ஆபீசில் முப்பது வருடம் பேனா பிடித்தவனுக்கு இது உறுத்தும். அங்கே ஒருவன் சம்பளத்தில் பத்து ரூபாய் பிடிக்க வேண்டுமென்றால் மெமோ கொடுக்க வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும், விளக்கத்தின் மேல் குறிப்பு எழுத வேண்டும். தாமதம் என்று அதைத் திட்டுகிறோம். இங்கே அந்தப் பையனிடம் ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை.

நான் போனதும் போர்டைத் திறக்கவில்லை. பையனைத்தான் கூப்பிட்டேன். திண்டிவனம் பக்கத்துக் கிராமம், பத்தொன்பது வயசு இருக்கும். பயந்து பயந்து பேசினான்.

"நான் ஒண்ணும் செய்யல ஐயா. சுவிட்சை ஆஃப் பண்ணினா விடாது. மெயினை அணைச்சா விட்டுடும். மறுபடியும் மெயினைப் போட்டா சும்மா இருக்கும், பிடிக்காது. மேக்னட் சுவிட்சைப் போட்டாத்தான் பிடிக்கும்."

"நாப் திருகினா காந்தம் கூடிக் குறையுதா?"

"அதெல்லாம் நல்லா வேலை செய்யுது ஐயா. ஆஃப் பண்ணும்போதுதான்..." என்று இழுத்தவன், கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆஃப் பண்ணினதும் சத்தம் மாறும் ஐயா. ம்ம்ம்னு மெலிசா இருக்கிறது, கனமா ஆயிடும்" என்றான்.

போர்டைப் பார்த்த இரண்டு மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காத துப்பு இவன் காதில் இருந்தது. நல்ல ரெக்டிஃபையர் இரண்டு அரை அலைகளையும் உபயோகிக்கும், அதனால் காந்தம் விநாடிக்கு 100 முறை அதிரும். ஒரு பக்கத்து அரை அலை மட்டும் வந்தால் அதிர்வு 50 ஆகிவிடும். ஹார்மோனியத்தில் மேல் ஸ்தாயி ஸட்ஜத்திலிருந்து கீழ் ஸட்ஜத்துக்கு இறங்குகிற மாதிரி. அவனுக்குக் கணக்குத் தெரியாது. ஆனால் கேட்டது சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

மீட்டரை எடுத்தேன். மெயின் 230 இருந்தது. சுவிட்ச் போட்டபோது காந்தத்துக்கு 110 வோல்ட். அணைத்தேன். விளக்கு அணைந்தது, சத்தம் பையன் சொன்னபடியே கனத்தது, மீட்டரில் 103. நாபை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருகினாலும் 103தான், அசையவில்லை.

இந்த 103 யாருக்காவது உறைத்திருந்தால் எஸ்.சி.ஆரை மாற்றியிருக்க மாட்டார்கள். ஒரே ஒரு பக்கத்து அரை அலையை முழுசாக, கட்டுப்பாடே இல்லாமல் அனுப்பினால் வரும் சராசரி வோல்ட்டேஜ், ஏ.சி. அளவை 0.45ஆல் பெருக்கினால் கிடைக்கும். 230ஐப் பெருக்கிப் பாருங்கள், 103.5. எஸ்.சி.ஆர். கெட்டுப்போய் ஷார்ட் ஆகியிருந்தாலும் இப்படி வரலாம்தான். ஆனால் அப்படியானால் மெயினைப் போட்ட உடனே, சுவிட்சைத் தொடாமலே, காந்தம் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை என்று பையன் சொல்லியிருக்கிறானே. நானும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன், சும்மாதான் இருந்தது. ஆக இரண்டு எஸ்.சி.ஆரும் நல்லவை. யாரோ அவற்றை மூட விடாமல் செய்கிறார்கள்.

காந்தச் சுருளின் குணம் இங்கே குறுக்கே வருகிறது. பல்பில் மின்சாரம் நின்றால் ஓட்டம் அந்த நொடியே நிற்கும். சுருளில் நிற்காது. வேகமாகப் போகிற சைக்கிளில் பெடலை நிறுத்தினாலும் வண்டி உருளுகிற மாதிரி, உள்ளே ஓடிய மின்னோட்டம் ஏதாவது ஒரு வழியில் சுற்றி வந்தே தீரும். சுவிட்சை அணைக்கும் நேரத்தில் எந்த எஸ்.சி.ஆர். திறந்திருக்கிறதோ அது, தன் அரை அலை முடிந்ததும் மூட வேண்டும். ஆனால் சுருளின் ஓட்டம் அதே எஸ்.சி.ஆர். வழியாகவும் அதனோடு சேர்ந்த டையோடு வழியாகவும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. 10 மில்லி விநாடி அந்தப் பெரிய சுருளுக்கு ஒரு பொருட்டே இல்லை, ஓட்டம் அதற்குள் வற்றாது. அதற்குள் மெயின் அலை திரும்பி வந்துவிடும். எஸ்.சி.ஆர். ஏற்கெனவே திறந்தே இருக்கிறது, விசையை யாரும் இழுக்க வேண்டியதே இல்லை. முழு அரை அலையும் உள்ளே போகும். இப்படியே ராத்திரி பூராவும் ஓடலாம். அடுத்த எஸ்.சி.ஆர். தூங்கிக்கொண்டிருக்கும்.

மருமகன் ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டாவதா வந்த ஆளு போர்டைக் கழட்டிட்டுப் போய், கடையில நூறு வாட் பல்பு மாட்டிப் பார்த்தாரு மாமா. ஜம்முனு ஆஃப் ஆகுதாம். போர்டு நல்லா இருக்கு, ஓட்டுற ஆளுதான் சரியில்லன்னாரு."

நானும் காந்தத்தின் ஒயரைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு பல்பைக் கோத்துக் காட்டினேன். சுவிட்சை அணைத்தால் பல்பு உடனே அணைந்தது. பிறகு காந்தத்தை மாட்டினேன், விடவில்லை. அந்த மெக்கானிக் பொய் சொல்லவில்லை. பல்பில் சோதித்தால் இந்த நோய் ஜென்மத்துக்கும் தெரியாது. நடக்கும்போது மூச்சு வாங்குகிறது என்பவனை உட்கார வைத்து நாடி பார்த்த கதைதான்.

இப்போது போர்டைத் திறந்தேன். மெயினை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான். இந்த மாதிரி போர்டில் காந்தத்துக்குப் போகும் பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது. எந்தக் கம்பியைத் தொட்டாலும் நேராக 230 வோல்ட்டைத் தொட்டதாக அர்த்தம். வயசான கைகளுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன்.

தேட வேண்டியது என்ன என்று தெரிந்திருந்ததால் நேரம் ஆகவில்லை. ரெக்டிஃபையரின் ப்ளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே ஒரு டையோடு இருக்க வேண்டும். போர்டில் டி-5 என்று அச்சடித்திருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. சுற்றிலும் பழைய ஈயம். டையோடைக் காணோம்.

இதை 'ஃப்ரீவீலிங் டையோடு' என்பார்கள். பிரெஞ்சிலும் 'ரூ லீப்ர்', அதே அர்த்தம். சைக்கிள் பின்சக்கரத்து ஃப்ரீவீலேதான். சக்கரம் உருளும்போது பெடலை இழுத்துச் சுற்றாமல் காப்பாற்றுகிறதே, அது. டி-5 இருந்தால் சுருளின் ஓட்டம் அதன் வழியாகச் சுற்றிக்கொள்ளும். டையோடு ஒன்றைத் தாண்ட 0.8 வோல்ட் அளவு செலவு. எஸ்.சி.ஆரும் டையோடும் சேர்ந்த பழைய வழியில் தாண்ட 1.8 வோல்ட் போலச் செலவு. மின்சாரம் செலவு குறைந்த வழியில்தான் போகும், அது நம்மைவிடச் சிக்கனம். ஓட்டம் முழுக்க டி-5க்கு மாறியதும் எஸ்.சி.ஆர். வற்றிப்போய் மூடிக்கொள்ளும். அந்த ஒரு வோல்ட் வித்தியாசத்தில் நிற்கிறது எல்லாமே.

"இங்க இருந்த டையோடு எங்கப்பா?" என்றேன்.

மருமகன் கொஞ்ச நேரம் ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஞாபகம் வந்தது. கோடையில் மூன்று முறை ஃபியூஸ் போயிருக்கிறது. முதலில் வந்த மெக்கானிக் ஒரு டையோடு ஷார்ட் என்று சொல்லிப் பிடுங்கிவிட்டு, கையிருப்பு இல்லாததால், "இது இல்லாமலே ஓடும் அண்ணே" என்று போயிருக்கிறார். ஓடவும் செய்தது. ஃபியூஸும் போகவில்லை. அது நடந்த அடுத்த வாரம் பையன் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான்.

தேதியை நான் சொல்லவில்லை, மருமகனே விரல்விட்டு எண்ணிச் சொன்னான். பையன் கதவுப் பக்கம் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை 1என்5408 என்ற எண்ணுள்ள டையோடு ஒன்று வாங்கிப் போனேன். மூன்று ஆம்பியர், ஆயிரம் வோல்ட் தாங்கும். பஸ் டிக்கெட் விலைதான். அதில் வெள்ளிக் கோடு போட்ட முனை ப்ளஸ் பக்கம் வர வேண்டும். மாற்றிப் போட்டால் எஸ்.சி.ஆருக்கு நேர் ஷார்ட், ஃபியூஸ் போய்விடும். பற்றவைத்து, பையனையே சுவிட்சைப் போடச் சொன்னேன். 110. அணைக்கச் சொன்னேன். மீட்டர் சட்டென்று பூஜ்யத்துக்கு வந்தது. சத்தம் கனக்காமல் அப்படியே தேய்ந்து நின்றது. ஒரு விநாடி பொறுத்துத் தகட்டைத் தொட்டான், நகர்ந்தது. லேசாக ஒரு ஒட்டல் இருந்தது, அது இரும்பில் தங்குகிற மிச்சக் காந்தம், எந்தச் சக்கிலும் இருப்பதுதான்.

இன்னொரு விஷயத்தையும் மருமகனிடம் சொல்லி வைத்தேன். அந்த போர்டில் காந்தத்துக்கு இணையாக ஒரு பெரிய பீங்கான் ரெசிஸ்டர் உண்டு, 3.3 கிலோ ஓம். எப்போதும் சூடாகவே இருக்கும். வீணாகக் கரன்ட் சாப்பிடுகிறது என்று நாளை ஒருவர் அதையும் பிடுங்கக்கூடும். பிடுங்கினால் காந்தம் பிடிக்கவே பிடிக்காது. விசையை இழுக்கும் துடிப்பு ஒரு விநாடியில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் இருக்கும். அந்த நேரத்துக்குள் எஸ்.சி.ஆர். வழியாக 40 மில்லி ஆம்பியர் அளவுக்காவது ஓடினால்தான் அது கொக்கி போட்டுக்கொண்டு திறந்து நிற்கும். பெரிய சுருளில் ஓட்டம் மெதுவாகத்தான் ஏறும், அத்தனை சீக்கிரம் அந்த அளவைத் தொடாது. ரெசிஸ்டர் உடனே இழுத்துக்கொள்ளும். அடிகுழாயில் தண்ணீர் வர முதலில் ஒரு செம்பு ஊற்றுவோமே, அந்தச் செம்புத் தண்ணீர் இது. பிரெஞ்சில் எஸ்.சி.ஆரைத் திறப்பதற்கும் பம்புக்குத் தண்ணீர் ஊற்றி எழுப்புவதற்கும் சொல் ஒன்றே, 'அமோர்ஸாழ்'. இதைச் சொன்னபோது மருமகன் சிரித்தான். போர்டு சரியான சந்தோஷத்தில் சிரித்திருப்பான்.

பிடித்த பணத்தைப் பற்றி நான்தான் எடுத்தேன். "அது வேற கணக்கு மாமா. பிளேட்டை உடைச்சது அவன்தானே" என்றான்.

"விளக்கு அணைஞ்சா காந்தம் விட்டாச்சுன்னு நீதானே அவனுக்குச் சொல்லிக் கொடுத்தே?" என்று கேட்டேன்.

பதில் சொல்லவில்லை. அந்த மாதம் பாதியைத் திருப்பிக் கொடுத்தான், மீதியைத் தீபாவளிக்கு. முழுசாகக் கொடுத்தானா என்று பையனிடம் தனியாக விசாரித்தேன், கொடுத்திருக்கிறான். நிறுத்துகிற பேச்சும் போய்விட்டது. பிறகு இரண்டு வருடம் அந்த கிரைண்டரை அவன்தான் ஓட்டினான். அதன்பின் ஓசூரில் வேலை கிடைத்துப் போனான்.

பேனல் கதவின் உள்பக்கம் நான் அன்றைக்குப் பென்சிலில் எழுதி வைத்தது இன்னும் இருக்கிறதாம்: டி-5 மாற்றிய தேதி, டையோடு எண், வெள்ளிக் கோடு மேலே. அதற்குக் கீழே பையன் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறான் என்று மருமகன் சொன்னான்: 'ஆஃப் செய்ததும் சத்தம் கனமாக இருந்தால் மெயினை அணைக்கவும்.'